மாலை 5.30 – எந்த ஊர் நேரம்?
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் இலண்டன் கிளையின் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் கிளை அறிக்கை மலரில் வேறாக வருகிறது. இந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற ஒக்டோபர் நடுப்பகுதியில், எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ரீச்சருடன் எல்லோருமாகத் தொலைபேசியில் கதைப்பதென்று தீர்மானித்தோம். மாதத்தின் கடைசி ஞாயிறு, இலண்டனில் நண்பகல் 12 மணி. யாழ்ப்பாணத்தில் மாலை 4.30, ரொறன்ரோவில் காலை 7, மெல்பேர்ணில் இரவு 10 என்று கணக்குப் பார்த்து அறிவித்ததும் நாங்களே.

அந்த ஞாயிறு அதிகாலையில்தான் பிரித்தானியாவில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போனது. கனடாவில் அது நவம்பர் முதல் ஞாயிறுதான். கைத்தொலைபேசி தானாக மாறிக்கொண்டது; நாங்கள் கவனிக்கவில்லை. புதிய 12 மணிக்கு ஆறுதலாக அழைத்தபோது ரொறன்ரோத் தோழிகள் ஒரு மணித்தியாலம் காத்திருந்து களைத்திருந்தார்கள். மெல்பேர்ணில் இருவர் நித்திரை.

யாழ்ப்பாணத்தில் மணி 5.30. ரீச்சருக்கு எண்பது கடந்துவிட்டது, காதும் மந்தம். பெறாமகள் பக்கத்தில் இருந்து போனைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். 4 மணிக்கே சேலை மாற்றிக் கதிரையில் வந்திருந்தாவாம். 5.15க்குப் பெறாமகள் பஸ்ஸுக்குப் போய்விட்டார். எங்கள் அழைப்பை எடுக்க ஆளில்லை. அந்த நேரம் முழுவதும் ரீச்சர் என்ன நினைத்தா என்று இன்றுவரை கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

மூன்று கிழமை கழித்துத்தான் கதைக்கக் கிடைத்தது. சுகம்கூட விசாரிக்கவில்லை.

"பிள்ளையள், கிறீன்விச்சில 12 மணியெண்டால் 82½ பாகை கிழக்கில என்ன நேரம்?"

பாகைக்கு 4 நிமிடம். பதினொரு பேரும் ஒரே குரலில், "5.30 ரீச்சர்!"

"அப்ப ஏன் என்னை 4.30க்கு இருத்தினியள்?"

கோடை நேரத்தை விளக்கினோம். ரீச்சர் சிரித்தா. 1996இல் மின்சாரத்தைச் மிச்சம் பிடிக்கவென்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்களே, பிறகு அரை மணித்தியாலம் குறைத்தார்களே, அதை நினைவூட்டினா. வன்னியில் பழைய நேரம், கொழும்பில் புதிய நேரம். 2006 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் திரும்ப 5.30க்கு வந்தது. "அப்ப நாங்கள் ஒரு அலுவலுக்கு வரச்சொன்னால் பழைய நேரமோ புதிய நேரமோ எண்டும் சேர்த்துச் சொல்லுவம். நீங்கள் ஊரின்ர பேரையாவது போடக்கூடாதே?"

அதனால் இனி எல்லா அழைப்பும் இலங்கை நேரப்படிதான். அது வருடம் முழுவதும் அசையாது. அசைகிற நாங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, இலங்கை நேரம் மாலை 5.30. இலண்டனில் மாரியில் 12, கோடையில் 1. ரொறன்ரோவில் 7 அல்லது 8. மெல்பேர்ணில் 10 அல்லது 11. அங்குள்ள தோழிகள் எங்களை மன்னிக்கவேண்டும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நவம்பரிலும் முதல்நாளே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெறாமகளின் பஸ்ஸும் இப்போது பிந்தியதுதான். ரீச்சர் 5 மணிக்கே கதிரைக்கு வந்துவிடுவா.