பழைய காருக்கு ஒரு பரிசோதனை



நம் தோட்டப்புறங்களில் இன்னும் சில வீடுகளில் பழைய கார் ஒன்று நிற்கிறது. தாத்தா வாங்கிய மோரிஸ் மைனராக இருக்கலாம். அப்பா ஓட்டிய டட்சனாக இருக்கலாம். திருமணத்திற்கும் தைப்பூசத்திற்கும் குடும்பமே அதில் ஏறிப் போகிறது. அந்தக் காரைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறோம். ஆனால் அது சாலையில் ஓடத் தகுதியுடையதுதானா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் பிற நாடுகளின் வழக்கத்தைப் பார்ப்போம். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டு, பத்து வயதைக் கடந்த கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைச் சோதித்தார்கள். தேறாத வண்டிகள் ஏராளம். ஆகவே அடுத்த ஆண்டே அந்த வயதை ஏழாகக் குறைத்தார்கள். 1967-இல் மூன்றாகக் குறைத்தார்கள். 2018 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, நாற்பது வயதைத் தாண்டிய கார்களுக்கு அங்கே விலக்கு உண்டு. ஆனால் பழுதான வண்டியை ஓட்டினால் குற்றம் குற்றம்தான். பக்கத்திலுள்ள சிங்கப்பூரில், மூன்று முதல் பத்து வயதுவரை உள்ள கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை.

நம் மலேசியாவில் பேருந்து, லாரி, வாடகைக் கார் போன்றவை குறித்த காலத்தில் பரிசோதனை நிலையத்துக்குப் போகவேண்டும். சொந்தக் கார் கைமாறும்போது எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மற்றபடி, வீட்டுக் காரை ஆண்டுதோறும் கொண்டுவா என்று யாரும் கூப்பிடுவதில்லை. அப்படியானால் அதைப் பார்க்கவேண்டியவர் யார்? அதில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நாம்தான் அல்லவா? ஆகவே, பரிசோதகர் பார்க்கும் வரிசையிலேயே நாமும் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

முதலாவது, பிரேக். நிலையத்தில் சக்கரங்களை உருளைகளின்மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று கருவி கொண்டு அளப்பார்கள். இடப்பக்கம் பலமாகவும் வலப்பக்கம் மெதுவாகவும் பிடித்தால், அவசரத்தில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் உருளை இல்லை; கால் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் உடைந்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். பிறகு கம்பியில் இயங்கும் கைப் பிரேக் ஒன்றுதான் துணை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. கேமரன் மலைபோன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும்; காலை அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஆகவே, காரை அதிகம் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஸ்டியரிங்கும் முன்சக்கரமும். பரிசோதகர் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஏன்? மோரிஸ் மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, மரை வெட்டிய ஒரு மூட்டுக்குள் திருகப்பட்டிருக்கிறது. அதற்கு ட்ரனியன் என்று பெயர். கிரீஸ் இல்லாமல் ஓட ஓட அந்த மரை தேயும். ஒருநாள் தண்டு கழன்று, சக்கரம் மடங்கி, வண்டி மூக்குக் குப்புற விழும். சில நிமிடம் கிரீஸ் அடித்தால் இது நேராது. சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தால் உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

மூன்றாவது, துரு. நம் ஊர் மழையும் சேறும் தகட்டை அடியிலிருந்து தின்னும். மேலே புதுச் சாயம் மின்னும். அடியில் பின்வில் பொருத்திய இடம் பொடிப்பொடியாக உதிரும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பலம் தாங்கும் இடங்களைச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும்.

நான்காவது, டயர். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பழைய கார் நின்றே கிடப்பதால் பள்ளம் ஆழமாக இருக்கும். ரப்பரோ இறுகி வெடித்திருக்கும். ரப்பரோடு வாழ்ந்த நமக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்த டயர்.

ஐந்தாவது, விளக்கும் புகையும். மாலையில் காரின் பின்புறத்தைச் சுவரை நோக்கி நிறுத்திப் பிரேக்கை அழுத்துங்கள்; சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடுதலாகத் தெரியவேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் நச்சுக்காற்று காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடு என்னும் அந்தக் காற்றுக்கு மணமில்லை; நிறமில்லை. அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கையில் இருப்பது கொஞ்சமென்றால் முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங், அதற்கடுத்து டயர். சாயமும் பளபளக்கும் வளையமும் கடைசியில் வரட்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். பரிசோதனைக்குப் போகும் வண்டிக்கு முதல்நாள் நல்ல டயரை இரவல் வாங்கிப் போடுவது, சான்று கிடைத்ததும் பழைய டயரையே மாட்டுவது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கும் இப்படிச் செய்பவர்கள் உண்டு. பரிசோதகர் ஏமாறலாம். மழையில் நனைந்த சாலை ஏமாறாது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஏறும் வண்டியின் டயரைக் குனிந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பார்த்ததைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.

பரிசோதனைச் சான்று என்பது அந்த ஒருநாள் நிலைமைக்குக் கிடைத்த மதிப்பெண். தேர்வில் தேறிய பிள்ளைக்கு மறுநாளும் பாடம் உண்டு அல்லவா? காருக்கும் அப்படித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் பிரேக், ஸ்டியரிங், துரு, டயர், விளக்கு என்று ஐந்து தலைப்பு எழுதி, தேதி போட்டுப் பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். மகன் மட்டுமல்ல, மகளும் கற்றுக்கொள்ளட்டும். தாத்தாவின் காரைப் பேரப்பிள்ளைகள் ஓட்டவேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அவர்கள் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும்.