பிள்ளை வாசிக்குதா, ஒப்பிக்குதா?

எனக்கு ஊர் கிளியனூர். பத்தாவது வரை படிச்சிருக்கேன்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பிள்ளைங்க எழுத்தையே மறந்துட்டாங்க. அதுக்காக 2021 அக்டோபர் 27-ல் நம்ம மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினாங்க. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களை நிலை பிரிச்சுச் சொல்லித் தராங்க.

அப்போ என் பையன் மூணாவது. பாடத்தைக் கடகடன்னு ஒப்பிப்பான். ஆனா டீச்சர், "அவன் இன்னும் அரும்புதாம்மா"ன்னு சொன்னாங்க. எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து, பாடத்தின் நடுவுல ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னடா?"ன்னு கேட்டேன். முழிச்சான். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

பயிற்சி, பதிவு வேலைன்னு பாடம் நடத்த நேரம் குறையுதுன்னு ஆசிரியர்கள் சொல்றாங்க. அதையும் நாம பேசணும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. அங்கே கட்டடம், கழிப்பறையோட நிறுத்தாம, "பிள்ளைங்க வாசிக்கிறாங்களா?"ன்னு கேளுங்க.

குழு பாஸ்புக்கை வரி வரியா சரிபார்க்கிற நாம, பிள்ளை வாசிப்பையும் சரிபார்ப்போம்.