இலங்கையிலும் இங்கும்: யார் வாழ்வு மேல்?

(அம்பாசமுத்திரம் வட்டாரத்து மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2022-ம் ஆண்டில் கொழும்பு நகரத்து ஜனங்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவு பகலாக வரிசையில் நின்றதை நாமெல்லோரும் பார்த்தோம். அந்த ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாதென்று இலங்கை சர்க்கார் கையை விரித்தது. உடனே நம் ஊர் டீக்கடைகளில், "அவனுக்கு நம் பாடு எவ்வளவோ தேவலை" என்ற பேச்சு எழுந்தது. அப்படிச் சொன்னவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு வருஷத்து வரிசையை வைத்து இரண்டு நாட்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தை அளந்துவிட முடியுமா?

வேறு கணக்கு ஒன்றைப் பாருங்கள். பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிரம்புமுன் மடிகிறவை எத்தனை? 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியா முழுவதற்கும் 28. நம் தமிழ்நாட்டில் 13. இலங்கையிலோ ஆறு அல்லது ஏழுதான். சராசரி ஆயுளிலும் இலங்கைக்காரர் நம்மைவிட ஏறக்குறைய ஆறு வருஷம் கூடுதலாக வாழ்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கேதான் அதிகம். இந்த நிலை கடனில் மூழ்குவதற்கு முன்னமே பல பத்தாண்டுகளாக இருந்து வந்தது.

இதெல்லாம் எப்படிக் கிடைத்தது? வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, 1931-ல், இலங்கையில் ஆண் பெண் இருபாலருக்கும் வயது வந்தோர் ஓட்டுரிமை வந்துவிட்டது. அப்போது நம் நாட்டில் நிலமோ வரியோ படிப்போ உள்ளவனுக்குத்தான் ஓட்டு. நம் பாட்டன் பாட்டிகள் ஓட்டுச் சாவடியைப் பார்த்தது 1952 தேர்தலில்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அரிசியும் கேட்கலாம் என்பதை இலங்கை ஜனங்கள் நமக்கு இருபது வருஷம் முந்தியே தெரிந்துகொண்டார்கள். 1945-ல் கீழ் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை இலவசக் கல்வி வந்தது. ரேஷன் அரிசி மலிவாகக் கிடைத்தது.

கிடைத்ததைப் பறிக்கவும் பார்த்தார்கள். 1953-ல் ரேஷன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் வெட்டினார்கள். ஆகஸ்ட் 12-ந் தேதி இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஹர்த்தாலுக்கு அழைத்தன. கடைகள் அடைபட்டன, ரயில்கள் நின்றன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மந்திரிசபை கப்பலில் ஏறிக் கூட்டம் போட வேண்டியதாயிற்று! சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவியை விட்டு இறங்கினார். (அங்கே பிள்ளைகளின் சோற்றை வெட்டி மூன்று வருஷம் கழித்து, 1956-ல், காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவின் எட்டயபுரத்தில் தொடங்கியது. அது எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்ததென்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும்.)

அப்படியானால் இலங்கைதான் மேலா? அவசரப்பட வேண்டாம். பாபநாசத்தில் ஆற்று நீரை அளந்துவிட்டு "போதுமான தண்ணீர் இருக்கிறது" என்று எழுதினால், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடைமடை வயலில் நிற்கிறவன் ஒப்புக்கொள்வானா? சராசரிக் கணக்கும் அப்படித்தான். இலங்கையின் கடைமடை எது? தேயிலைத் தோட்டம்.

அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிச் சென்ற நம் ஜனங்கள். கங்காணியின் முன்பணம், அதன்மேல் கடன், அந்தக் கடனை எழுதிய "துண்டு". துண்டைக் காசு கொடுத்து மீட்டால்தான் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். இந்தத் துண்டு முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது.

1947 தேர்தலில் இந்தத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமென்டுக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அது தோட்ட முதலாளிகளுக்கும் ஆட்சியாளருக்கும் பொறுக்குமா? 1948-ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஓட்டும் போயிற்று. ஏழு லட்சம் பேர் ஒரே அடியில் நாடற்றவர்களானார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றது. பாகப்பிரிவினையில் ஆடு மாடு பிரிப்பதுபோல்! எந்தத் தொழிலாளியை யார் கேட்டார்கள்?

ஓட்டுப் போனதன் விளைவு வயிற்றில் தெரிந்தது. 1973, 74-ல் உணவுப் பஞ்சம் வந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. இலவசக் கல்வி நாடெங்கும் வந்த பிறகும் தோட்டப் பள்ளிக்கூடம் பல காலம் சர்க்காரின் கண்ணில் படவில்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களின் பிரஜா உரிமைக்கு வழி செய்த சட்டம் 2003-ல்தான் வந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கூலி வேண்டுமென்று பல வருஷம் போராடி 2021-ல் பெற்றார்கள். அப்போதே அது நம் ரூபாயில் நானூறுக்கும் குறைவு. மறு வருஷம் இலங்கை ரூபாயின் மதிப்பு பாதியளவுக்குச் சரிந்து, அந்த உயர்வையும் விழுங்கிவிட்டது.

சரி, கடலுக்கு இந்தப்புறம் அதே தேயிலை கிள்ளியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? தூரம் போக வேண்டாம்; நமக்கு மேலே தெரிகிறதே, அந்த மலையைப் பாருங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேல் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி எழுந்தவை. அங்கேயும் லயன் வீடுதான், கங்காணிதான்.

ஆனால் இவர்களுக்குப் பிரஜா உரிமை இருந்தது. தேர்தல் தவறாமல் ஓட்டுப் போட்டார்கள். இல்லாதது என்ன? காலுக்கடியில் ஒரு சென்ட் சொந்த நிலம். குடியிருந்த வீடு கம்பெனியுடையது, நிலம் குத்தகை நிலம். கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறைப்பட்டவர்களை விடுதலை செய்யக் கோரி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினார்கள். கைக்குழந்தை ஒன்று உட்பட 17 பேர் மாண்டார்கள்.

2024-ல், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கையிலேயே, கம்பெனி விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டி மலையைக் காலி செய்யச் சொன்னது. காடு சர்க்கார் காடு, புலிகள் காப்பகம். சரி, காடு காடாக இருக்கட்டும். நாலு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவன் எங்கே போவான்? டான்டீ நிறுவனமே தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த டான்டீ எதற்காக 1968-ல் தொடங்கப்பட்டது தெரியுமா? சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி வந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு இங்கே வேலை கொடுக்க! அங்கிருந்து துரத்தப்பட்டவனுக்காக வைத்த தோட்டத்தை, இங்கே துரத்தப்படுகிறவன் தேடிப் போனான். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை நிராகரித்துவிட்டது.

இனி எவராவது உங்களிடம் இலங்கை மேலா, இந்தியா மேலா என்று கேட்டால், எந்த லயத்தில் குடியிருப்பவனைப் பற்றிக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள். மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் நம் ஊர்களிலேயே வாடகை வீடு தேடிக்கொண்டு வந்தன. உங்கள் தெருவில் யாராவது குடியேறியிருந்தால், அவர்களிடமே உட்கார்ந்து பேசுங்கள்.