எரிபொருள் தாங்கியின் மூச்சுத் துளை

இளநீரில் ஒரே ஒரு சிறு துளையிட்டுக் கவிழ்த்துப் பிடித்தால் நீர் ஒழுங்காக வடிவதில்லை. சிறிது சொட்டும், பின்னர் நின்றுவிடும். உள்ளே நீர் இல்லாமல் அல்ல. வெளியேறும் நீரின் இடத்தை நிரப்பக் காற்றுக்கு வழியில்லாமையே காரணம். எண்ணெய் டின்னைத் திறக்கும் கடைக்காரர் ஒரு மூலையில் வடிப்பதற்கு ஒரு துளையும் எதிர் மூலையில் காற்றுக்கு மற்றொரு துளையும் இடுவார். அந்த இரண்டாவது துளையின் அருமை, கரையிலிருந்து தொலைவில் இயந்திரம் ஓய்ந்து அலையில் தத்தளிக்கும் படகோட்டிக்கே நன்கு விளங்கும்.

காற்றுக்கு எடையுண்டு என்பதை 1643ஆம் ஆண்டில் இரசக் குழாய் கொண்டு இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி விளக்கினார். கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பான அமுக்கத்தைக் காற்று கொடுக்கின்றது. படகின் எரிபொருளை இயந்திரத்துக்கு ஏற்றிவிடுவதும் உண்மையில் இந்த அமுக்கமே. வெளியிணைப்பு இயந்திரத்திலுள்ள சிறிய பம்பி குழாயினுள் அமுக்கத்தைச் சற்றுக் குறைக்கின்றது. தாங்கியினுள் எண்ணெயின் மேற்பரப்பை அழுத்தும் காற்று, எண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளுகின்றது. மேலே அழுத்தக் காற்று இல்லையெனில் பம்பியின் உழைப்பு வீணே.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 25 இலீற்றர் கொள்ளும் தாங்கியொன்றில் 24 இலீற்றர் மண்ணெண்ணெய் இருக்கின்றது. மேலே ஒரு இலீற்றர் காற்று. மூடியிலுள்ள காற்றுத் திருகு இறுக மூடப்பட்டிருக்கின்றது. மணிக்கு 6 இலீற்றர் செலவிடும் இயந்திரம் பத்து நிமிடத்தில் ஒரு இலீற்றரை எடுத்துவிடும். அப்போது ஒரு இலீற்றர் காற்று இரண்டு இலீற்றர் இடத்தில் பரவவேண்டும். அதன் அமுக்கம் பாதியாக வேண்டும். அவ்வளவு குறையுமுன்னரே பம்பி தோற்றுவிடும். அதே தாங்கியில் 12 இலீற்றர் காற்று இருந்தால், ஒரு இலீற்றர் எண்ணெய் குறைவதனால் அமுக்கம் பதின்மூன்றில் ஒரு பங்கே குறையும். ஆகவே அரைகுறையாக நிரம்பிய தாங்கியைவிட, முழுதாக நிரம்பிய தாங்கியே படகை விரைவில் நிறுத்தும். எண்ணெய் நிறைய இருக்கின்றதே என்று எண்ணுபவர் ஏமாறுவது இங்கேதான். பெற்றோலாயின் அதன் ஆவி குறையைச் சிறிது ஈடுசெய்யும். ஆயினும் குறைந்த அமுக்கத்தில் குழாயினுள்ளேயே ஆவிக்குமிழ்கள் தோன்றி வேறொரு தடையை உண்டாக்கும்.

இந்நோயின் அறிகுறிகள் தெளிவானவை. துறையிலிருந்து புறப்படும்போது இயந்திரம் நன்றாக ஓடும். சில நிமிடங்களில் வேகம் தளரும், பின்னர் நின்றுவிடும். சற்றுப் பொறுத்து இழுத்தால் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். எண்ணெய்க் குழாயின் இடையிலுள்ள கைப்பம்பிக் குமிழ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாய்க் கிடக்கும். பிளாஸ்ரிக் தாங்கியானால் பக்கங்களும் உள்நோக்கி ஒடுங்கும். இவற்றைக் கண்டவர் தீப்பொறிச் செருகியைக் கழற்றுமுன் மூடியைத் தளர்த்திப் பார்க்கவேண்டும். ‘உஸ்’ என்ற ஒலியுடன் காற்று உட்புகுமாயின் நோயும் மருந்தும் ஒருங்கே கிடைத்தன என்று கொள்ளலாம்.

காற்று உள்ளே வருவது ஒரு பாதி; வெளியே செல்வது மறுபாதி. வெப்பத்தால் எண்ணெயும் விரியும். பெற்றோல் 10 பாகை சென்ரிகிறேட் சூடேறினால் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விரியும். காலையில் 25 இலீற்றர் நிரப்பப்பட்ட தாங்கி நண்பகல் வெயிலில் 20 பாகை கூடுதலாகச் சூடேறினால், ஏறக்குறைய அரை இலீற்றர் புதிதாக இடம் கேட்கும். ஆகையால் விளிம்புவரை நிரப்பாது, நூற்றில் ஐந்து பங்கேனும் வெறுமையாக விடுதல் நன்று.

இனி ஆவியின் ஆபத்து. பெற்றோல் ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்துவிடாமல் படகின் அடித்தளத்திற்குத் தாழ்ந்து அங்கே தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கலந்தாலே தீப்பற்றப் போதும். அதனால், படகினுள் நிலையாகப் பொருத்தப்பட்ட தாங்கியின் காற்றுக்குழாய் ஒருபோதும் படகுக்குள் திறக்கலாகாது. தாங்கியின் உச்சியிலிருந்து புறப்பட்டு, மேல்நோக்கி வளைந்து, படகின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்கு உயரமான இடத்தில் அது முடியவேண்டும். மேல் வளைவு அலைநீரைத் தடுக்கும்; வாயிலிலுள்ள நுண்ணிய கம்பிவலை, வெளியிலுள்ள தீச்சுவாலை உட்செல்லாமல் காக்கும். குழாய் இடையில் எங்கேனும் தொய்ந்து தொங்கினால் அத்தாழ்வில் எண்ணெயோ நீரோ தேங்கி வழியை அடைத்துவிடும். எண்ணெய் நிரப்பும்போது வாயிலிருந்து திருப்பித் தெறிப்பது இவ்வடைப்பின் ஓர் அடையாளம். கடலுப்புப் படிவதாலும் குளவி மண்கூடு கட்டுவதாலும் கூட அத்துளை அடைபடுவதுண்டு.

கையில் தூக்கிச் செல்லும் தாங்கிகளுக்கு வேறு ஒழுங்கு. ஓடும்போது காற்றுத் திருகு திறந்திருக்கவேண்டும். சுமந்து செல்லும்போதும் களஞ்சியத்தில் வைக்கும்போதும் மூடியிருக்கவேண்டும். நிரப்பும்போது தாங்கியைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்புதல் தகும். சிந்தினாலும் ஆவி படகினுள் தேங்காது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2011 முதல் புதிதாகச் செய்யப்படும் இத்தகைய தாங்கிகள், சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல் அமுக்கம்வரை ஆவியை வெளிவிடாது தாமாகவே மூடியிருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. காற்று உள்ளே வரலாம். ஆவி எளிதில் வெளியேறலாகாது. சூழலுக்கு இது நன்மையே. ஆனால் வெயிலில் கிடந்த தாங்கி உப்பி, அதன் அமுக்கம் எண்ணெயை இயந்திரத்துக்குள் வலிந்து தள்ளக்கூடும். ஆகவே படகு ஓய்ந்திருக்கும்போது குழாயைக் கழற்றி வைப்பதும், மறுபடி இணைக்குமுன் மூடியை மெல்லத் தளர்த்தி அமுக்கத்தை விடுவிப்பதும் அவசியம்.

பாறைகள் நிறைந்த கரையருகிலோ, நீரோட்டம் மிகுந்த ஆழத்திலோ இயந்திரம் நின்றால் படகு காற்றின் கையிலும் அலையின் கையிலும் விடப்பட்டதாகும். இலங்கைக் கரையோரத்துச் சிறு கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றுக்கு ஒரே இயந்திரமே துணை. துடுப்பு உண்டா, நங்கூரம் உண்டா, எண்ணெய் போதுமா என்று பார்த்துப் புறப்படும் படகோட்டி, காற்றுத் திருகு திறந்திருக்கின்றதா என்பதையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பாராக. அதற்கு ஒரு நொடி போதும், செலவு ஏதுமில்லை.