மலர் காணும் பொழுது

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தங்கவயல் வாழ் தமிழ்ப் பெருமக்களே!

ஜப்பான் நாட்டில் இளவேனில் வந்ததும் மக்கள் குடும்பத்தோடு மரத்தடியில் பாய் விரித்தமர்ந்து செர்ரி மலர்களைக் கண்டு மகிழ்வர். அதனை 'ஹனாமி' என்பர். 'மலர் காணல்' என்பதே அதன் பொருள். கி.பி. 812-இல் சாகா மன்னர் கியோத்தோவில் செர்ரி மலர் விருந்து நடத்தியதாகப் பழைய பதிவு உண்டு. நெடுங்காலம் உயர்குடியினர்க்கே உரியதாயிருந்த அவ்விழா, 18-ஆம் நூற்றாண்டில் யோஷிமுனே என்னும் ஆட்சித்தலைவர் அசுகாயாமா முதலிய இடங்களில் மரங்களை நடுவித்து, எளியோரும் கூடிக் களிக்க வழி செய்தபின் பெரிதும் பரவிற்று. முழுதும் மலர்ந்த செர்ரி ஏறத்தாழ ஒரு வாரமே நிற்கும். நாளை பார்ப்போம் என்பார்க்காக அது காத்திராது.

மலர் காணல் நமக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்தினார் கபிலர். வேங்கை பூப்பதைக் கொண்டே தினை கொய்யும் காலத்தையும் மணத்திற்குரிய காலத்தையும் அறிந்தனர் குறவர். நிலத்தில் உதிர்ந்த புன்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டனர் சங்கப் புலவர்.

அண்மையிலுள்ள பெங்களூரிலும் இளவேனிலில் சாலைகள் இளஞ்சிவப்பாகின்றன. அம்மரத்தைச் செர்ரி என மயங்குவோர் உளர். அது அமெரிக்க வெப்ப நாடுகளினின்று வந்த டபேபுயா. 1908-இல் அந்நகருக்கு வந்து லால்பாக் தோட்டத்தைப் பேணிய ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் உதிர்கையில் மற்றொன்று மலருமாறு சாலைமரங்களைத் தேர்ந்தவர்.

அம்மலர்களின் கீழே நாள்தோறும் நடப்பவர் யார்? நம் பிள்ளைகளும் அல்லரோ! நம் தந்தையர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையினூடே, விளக்கொளியில் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்புவதே நம் பலருடைய வாழ்வாயிற்று. தந்தையர்க்குப் பாறை மறைத்த பூவைப் பிள்ளைகட்குக் கடிகாரம் மறைக்கின்றது. ஒரு வீட்டில் தந்தையும் மகனும் பகலொளியில் முகம் பார்த்துப் பேசும் நாள் வாரத்தில் ஒன்றேயெனின், அதுவன்றோ நாம் எண்ண வேண்டிய குறை!

ஆகவே ஒன்று வேண்டுகின்றோம். வறண்ட நிலத்திலும் வளர்வது புங்கமரம். கன்னடத்து அன்பர்கள் அதனை 'ஹொங்கே' என்பர். யுகாதியை ஒட்டிப் புதுத்தளிர் விட்டு, சித்திரையில் பூச்சொரியும். பூத்த புங்கு ஒன்றைத் தேர்ந்து, சித்திரையில் ஒரு ஞாயிறன்று அதன் நிழலில் குடும்பத்தோடு கூடுவோம். கட்டுச்சோறு கொணர்வோம், கன்னட அன்பர்களையும் அழைப்போம். முதியோர் சுரங்கக் கதை சொல்லட்டும். சிறுவர் உதிர்பூ பொறுக்கட்டும். மேடையும் மாலையும் வேண்டா. மரமில்லாத லைன்களில் வீட்டுக்கொரு புங்கங்கன்று நடுவோம்.

யோஷிமுனே நட்டது மரம். மக்களுக்குக் கிடைத்ததோ ஒன்றுகூடும் பொழுது. நாமும் அப்பொழுதை நமக்கென ஆக்கிக்கொள்வோம்.