ஆஃப் பண்ணினா காந்தம் எங்கே போகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இன்னிக்கு கோடிங் கிடையாது. எபிசோடு முழுக்க இரும்பு, பித்தளை, ஒரு காந்தம், அப்புறம் என் மாமாகிட்ட நான் வாங்கின ஒரே ஒரு கேள்வி.

கோயமுத்தூர் கணபதியில என் தாய்மாமா வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் இருக்கு. ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், அவ்வளவுதான். வாழ்க்கை முழுக்க டர்னரா இருந்தவர், இப்போ வீட்டிலிருந்தே சின்னச் சின்ன ஜாப் எடுத்துச் செய்றார். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேருக்குப் போன ஆள். பட்டம் என்கிட்ட, வேலை அவர்கிட்ட.

போன தீபாவளி லீவுல, சக்குல மாட்டின ஒரு ஷாஃப்ட் நேரா ஓடுதான்னு பார்க்கச் சொன்னார். அதுக்கு டயல் கேஜ் வேணும். மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கைக் காட்டுற கருவி. அது ஆடாம நிக்கணும்னா மேக்னடிக் ஸ்டாண்டு வேணும். கீழே ஒரு இரும்புக் கட்டை, பக்கத்துல ஒரு குமிழ். திருப்பினா லேத் பெட்ல ஒட்டிக்கும், திரும்பத் திருப்பினா விட்டுடும். நான் வெச்சேன், திருப்பினேன், டக்னு சத்தம் வந்தது. சக்கைக் கையால சுத்தும்போது கை ஸ்டாண்டுல லேசாப் பட்டது. மொத்தமும் சிமெண்ட் தரையில. டயலோட முள் சிக்கிக்கிச்சு, குமிழ் உடைஞ்சது.

மாமா கத்தல. குனிஞ்சு லேத் பெட்டைத் தடவினார். நகத்துண்டு அளவுக்கு ஒரு இரும்புச் சுருள் அவர் விரல்ல வந்தது. "துடைச்சியா மாப்ளே?"ன்னு கேட்டார். அந்த ஒரு கேள்விதான்.

டயல் கேஜ் புதுசு வாங்கிக் கொடுத்துட்டேன். ஸ்டாண்டோட பேஸை மட்டும் நானே செஞ்சு தர்றேன்னு சொன்னேன். சிரிச்சார். அந்தச் சிரிப்புக்காகவே செய்யணும்னு தோணுச்சு.

முதல்ல ஒரு விஷயம். நிரந்தரக் காந்தத்தை ஆஃப் பண்ண முடியாது. அதுல கரண்டே இல்லையே! அப்போ குமிழைத் திருப்பினா என்னதான் நடக்குது?

வாய்க்கால்ல மடை மாத்துறதைப் பார்த்திருக்கீங்களா? தண்ணி நிக்கிறதில்ல, வேற பாத்திக்குப் போகுது. இங்கேயும் அதேதான். ரெண்டு இரும்புக் கட்டை, நடுவுல பித்தளைச் சுவர். மூணும் சேர்ற நடுப்பகுதியில ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ள உருளைக் காந்தம். சாதாரண உருளைக் காந்தத்துல வட துருவமும் தென் துருவமும் ரெண்டு முனையில இருக்கும். இதுல அப்படி இல்ல. வயித்துப் பக்கம் வடக்குன்னா முதுகுப் பக்கம் தெற்கு. டயமெட்ரிக் காந்தம்னு கேட்டாக் கிடைக்கும்.

ஆன் நிலையில வடக்கு இடது கட்டையைப் பார்க்கும், தெற்கு வலது கட்டையைப் பார்க்கும். காந்தப் பாயத்துக்குப் பித்தளையும் காத்தும் ஒண்ணுதான், ரெண்டுமே கஷ்டமான வழி. அதனால இடது கட்டையில இறங்கி, கீழே இருக்கிற லேத் பெட் வழியாப் போய், வலது கட்டையில ஏறித் திரும்புது. ஒட்டிக்குது. 90 டிகிரி திருப்பினா ரெண்டு துருவமும் பித்தளையைப் பார்க்கும். இப்போ ஒவ்வொரு கட்டையும் வடக்கிலயும் பாதி, தெற்கிலயும் பாதி தொட்டுட்டு நிக்குது. பாயம் அந்தந்தக் கட்டைக்குள்ளயே வளைஞ்சு திரும்பிடும். வெளியே வர்றதுக்கு வேலையே இல்லை. காந்தம் அதே பலத்தோடதான் உள்ளே இருக்கு.

இனி செய்முறை. 22 மி.மீ. கனத்துல ரெண்டு எம்.எஸ். கட்டை, நடுவுல 6 மி.மீ. பித்தளைத் தகடு, நாலு 8 எம்எம் ஆலன் போல்ட் போட்டு இறுக்கினேன். ரெண்டு மேலே, ரெண்டு கீழே. அப்புறம் மொத்தத்தையும் ஃபோர்-ஜா சக்குல பிடிச்சு நடுவுல ஓட்டை. பித்தளைக்கு நேர் மையத்துல வரணும், அதைப் பார்க்க டயல் கேஜ் வேணும், டயலுக்கு ஸ்டாண்டு வேணும். ஸ்டாண்டு செய்யறதுக்குப் பக்கத்துப் பட்டறையில ஸ்டாண்டு கடன் வாங்கினேன். சிரிக்காதீங்க.

காந்தம் 20 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம், நியோடிமியம். ஓட்டை 20.2 மி.மீ. இடைவெளி கூடினா பலம் போயிடும், குறைஞ்சா காந்தத்தோட நிக்கல் பூச்சு உரசும். காந்தத்தை மட்டும் அறுக்கவோ டிரில் போடவோ கூடாது. கண்ணாடி மாதிரி உடையும், தூள் தீப்பிடிக்கும், சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே பலம் குறைய ஆரம்பிச்சிடும். அதனால முனையில ஒரு அலுமினிய மூடியை அரால்டைட் போட்டு ஒட்டி, அதையே குமிழாக்கிட்டேன். எல்லா மெஷினிங்கும் முடிஞ்சு, கடைசிச் சுருளையும் துடைச்ச பிறகுதான் காந்தத்தை ஷெட்டுக்குள்ளயே கொண்டுவந்தேன். ஓட்டைக்குள்ள அது தானாப் பாயும், விரலை வெச்சீங்கன்னா போச்சு. மரக்குச்சியால தள்ளுங்க. பேஸ்மேக்கர் வெச்சிருக்கிறவங்க பக்கத்துல இதைக் கொண்டே போகாதீங்க.

எல்லாம் ரெடி. லேத் பெட்ல வெச்சுத் திருப்பினேன். ஒட்டுச்சு, ஆனா சும்மா ஒப்புக்கு. லக்கேஜ் எடை பார்க்கிற தராசை மாட்டி மேலே இழுத்தா 11 கிலோவுலயே கழண்டு வந்துடுச்சு. இவ்வளவு பெரிய காந்தத்துக்கு இது ரொம்பக் கம்மி.

எனக்கு முதல்ல வந்த சந்தேகம், காந்தம் டூப்ளிகேட். ஆன்லைன்ல ஏமாத்திட்டாங்க! அடுத்து, அடிப்பாகம் சமமா இல்லையோன்னு சர்ஃபேஸ் பிளேட்ல உப்புத்தாள் விரிச்சு ஒரு மதியம் பூரா தேய்ச்சேன். ஒரு கிலோ கூடுச்சு. தோள்பட்டைதான் போச்சு.

மாமா டீ குடிச்சிட்டே கேட்டார். "என்றா மாப்ளே, நடுவுல எதுக்குப் பித்தளை வெச்ச?"

"ரெண்டு கட்டையும் காந்தத்துக்கு ஒட்டாம இருக்க மாமா."

"சரி. அந்த நாலு போல்ட்டு?"

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரல. போல்ட் நாலும் எஃகு. நானே கஷ்டப்பட்டுச் சுவர் கட்டிட்டு, நானே அதுல நாலு வாசல் வெச்சிருக்கேன். பாயம் எதுக்கு லேத் பெட்டைத் தேடிப் போகணும்? போல்ட் வழியாவே குறுக்கே போயிட்டு வந்துடுச்சு.

கோட்ல சந்தேகமான வரியை கமெண்ட் பண்ணிப் பார்ப்போமில்ல, அதையே செஞ்சேன். ரெண்டு போல்ட்டைக் கழட்டிட்டு இழுத்தேன். 21 கிலோ! அப்புறம் நாலுக்கும் பித்தளை போல்ட் போட்டேன். 36 கிலோ. அதே காந்தம், அதே கட்டை. ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, பிடிமானம் பாயத்தோட வர்க்கத்துல போகுது. பாயம் பாதியானா பிடி கால்வாசிதான் மிஞ்சும். இந்த ஃபார்முலாவை நான் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். போல்ட் எடுக்கும்போது மட்டும் ஞாபகம் வரல.

இதே கணக்குதான் தீபாவளி லீவுலயும் நடந்திருக்கு. அந்தச் சுருள் பேஸை ஒரு பக்கம் துளி தூக்கிடுச்சு, நடுவுல காத்து. பழைய ஸ்டாண்டு பலமாத்தான் இருந்தது, நான்தான் வழியை அடைச்சிட்டேன்.

காசு கணக்கு கேட்பீங்க. கடையில வாங்கியிருந்தா இதைவிடக் கம்மியாவே முடிஞ்சிருக்கும். மிச்சம் பிடிக்கணும்னா இதைச் செய்யாதீங்க.

கடைசியா மாமா புது டயலை அதுல மாட்டினார். குமிழைத் திருப்பி, ஸ்டாண்டை ரெண்டு தடவை தள்ளிப் பார்த்தார். அசையல. சக்கை மெதுவாச் சுத்தினார், முள் ரெண்டு கோடு போய்த் திரும்பி வந்தது. பாராட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்துப் பட்டறைக்காரர் ஸ்டாண்டு கேட்டு வந்தப்போ, "மாப்ள செஞ்சது, பார்த்து எடுத்துட்டுப் போ. வைக்கிறதுக்கு முன்னாடி துடைச்சிரு"ன்னார்.

எனக்கு அது போதும் மக்களே. நீங்க உங்க கையால செஞ்சு, முதல் தடவை சொதப்பின பொருள் எதுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.