நம்பிக்கைக்கும் ஒரு புறத்தேர்வாளர் வேண்டும்

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, வேலைவாய்ப்பு, தொழில்நுட்பம், நாட்டு முன்னேற்றம் ஆகியவற்றைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பார்கள். பாடத்திட்டத்தில் வராத, ஆனால் விடுதி அறையில் நள்ளிரவு தாண்டியும் நீங்கள் பேசியிருக்கக்கூடிய ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் நட்போடு உட்கார்ந்து நம்பிக்கையைப் பற்றியே பேச முடியுமா? பேசினால் யாருக்கு என்ன பயன்?

இன்று முனைவர் பட்டம் பெறுகிறவர்களுக்கு ஒரு நடைமுறை நன்றாகத் தெரியும். ஆய்வேட்டை நெறியாளர் வரிக்கு வரி படித்துத் திருத்தியிருப்பார். ஆனாலும் அது புறத்தேர்வாளருக்குப் போகிறது. பிறகு வாய்மொழித் தேர்வு, அதுவும் எல்லோரும் வந்து கேட்கும்படி. நெறியாளர்மேல் சந்தேகம் வந்து செய்கிற காரியமில்லை இது. ஆண்டுக்கணக்கில் நம்மோடு இருந்தவருக்கு நம் பிழைகள் பழகிப்போயிருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில்தான் அவை படும். இருநூறு பக்க ஆய்வேட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்கிற நாம், வாழ்நாள் முழுதும் தாங்கி நடக்கிற நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் எந்தத் தேர்வும் வைப்பதில்லை. நம்மைப் போலவே நினைக்கிறவர்களிடம் பேசி, அவர்கள் தலையாட்டியதும் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஆத்திகருக்கு நாத்திக நண்பர் புறத்தேர்வாளர். நாத்திகருக்கு ஆத்திக நண்பர் புறத்தேர்வாளர். இதைத்தான் இந்த உரை முழுதும் சொல்லப்போகிறேன்.

நம் நாட்டு நிலையைச் சில எண்கள் காட்டுகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஏறத்தாழ 30,000 இந்தியர்களிடம் நேரில் கேட்டு 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் 97 சதவீதம். எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருப்பதற்கு மிக முக்கியம் என்றவர்கள் 84 சதவீதம். இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகலாம். அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. தம் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் அல்லது பெரும்பாலோர் தம் மதத்தவரே என்று 86 சதவீத இந்துக்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நம் மரியாதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று செய்யும் வணக்கமாக இருப்பது தெரிகிறது. மதம் விட்டு மதம் நட்பே இப்படிச் சுருங்கியிருக்க, நூற்றுக்கு இரண்டு மூன்று பேராக இருக்கும் நம்பாதவர்களோடு மனம்விட்டுப் பேச எத்தனை பேருக்கு வாய்க்கும்? பேசிப் பழகாதவரைப் பற்றி நமக்கு இருப்பது கேள்விப்பட்ட சித்திரம் மட்டுமே. நாத்திகர் என்றால் கட்டுப்பாடில்லாதவர் என்று ஒரு சித்திரம். பக்தர் என்றால் சிந்திக்கத் தெரியாதவர் என்று இன்னொரு சித்திரம்.

இப்படி விலகி நிற்பது தமிழ் மரபு நமக்குக் கொடுத்த வழக்கம் அன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையை எடுத்துப் பாருங்கள். வஞ்சி மாநகரில் மணிமேகலை துறவி வடிவம் கொண்டு ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். அந்தக் காதையின் தலைப்பிலேயே 'கேட்ட' என்ற சொல் இருக்கிறது. தமிழில் கேட்பது என்றால் செவிகொடுப்பதும் வினவுவதும் ஆகும். இரண்டுக்கும் ஒரே வினைதான். அந்த வரிசையில் பூதவாதியும் வருகிறான். கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை, கண்டதே காட்சி என்பவன் அவன். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊறவைத்தால் களிப்புத் தரும் மது பிறப்பதுபோல், நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் பௌத்தர், இந்தக் கொள்கை அவருக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எதிராளிக்குச் சொத்தை வாதத்தைக் கொடுத்துத் தோற்கடிக்கவில்லை. இன்றைக்கும் வேதியியல் மாணவர் ஒருவர் எடுத்தாளக்கூடிய உவமையைக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மணிமேகலை கேட்கிறாள்: காட்சியை மட்டுமே ஏற்பாய் என்றால், உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய்? பூதவாதத்தின் பலத்தை முழுதாகக் கேட்டவளுக்குத்தான் அதன் பலவீனம் கண்ணில் பட்டது.

பல நூற்றாண்டுகள் கழித்து அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை இரண்டு பகுதிகளாக அமைத்தார். முதலில் பரபக்கம், அதாவது பிறர் பக்கம். பிறகுதான் சுபக்கம், தம் பக்கம். பரபக்கத்தில் முதல் இடம் கடவுளை மறுக்கும் உலகாயதனுக்கு. அவன் மதத்தைச் சொல்லிவிட்டே மறுதலைக்குப் போகிறார். இது நட்பாகப் பேசும் நூல் என்று நான் சொல்ல மாட்டேன். மறுப்பில் சூடு உண்டு. ஆனால் சைவ சித்தாந்தம் கற்க வந்த மாணவர் சிவபெருமானின் இலக்கணத்தைப் படிப்பதற்கு முன் கடவுள் இல்லை என்பவரின் வாதத்தைப் படித்தாக வேண்டும் என்று அந்த வைப்புமுறை வைத்திருக்கிறது. தன் உறுதியில் ஐயம் இல்லாதவர் வகுத்த பாடத்திட்டம் அது.

நம் காலத்துக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு இராமச்சந்திர ராவ் 1902இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னாளில், கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசியதற்காகக் கல்லூரி வேலையை இரண்டு முறை இழந்தார். 1940இல் ஆந்திரத்தின் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். பௌர்ணமி இரவுகளில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்துகளை நடத்தினார். அவர் காந்தியடிகளுக்கு எழுதிய முதல் கடிதம் 1930இல் போனது. அவர்கள் நேரில் சந்தித்தது 1944இன் இறுதியில், சேவாகிராமத்தில். கடவுள் அற்றவரிடம் என்ன பேசுவது என்று காந்தி சிரித்தபடி தொடங்கியதாகக் கோரா பதிவு செய்திருக்கிறார். கோரா அந்தச் சொல்லையே திருத்தினார். கடவுள் அற்ற நிலை என்பது வெறும் மறுப்பு, நாத்திகம் என்பது அந்த மறுப்புக்குப் பின் மனிதன் தன் காலில் நிற்கும் நிலை என்று விளக்கினார். காந்தி அந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் வாய்மொழித் தேர்வு. நாத்திகத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள் என்ற கேள்விக்குக் கோரா நூல்களை மேற்கோள் காட்டவில்லை. வங்கப் பஞ்சத்தைக் காட்டினார். கல்கத்தா வீதிகளில் மிட்டாய்க் கடைகளின் ஓரத்திலேயே மனிதர்கள் பசியால் செத்தார்கள். கண்ணெதிரே உணவு இருந்தும் கை நீட்டாமல் அவர்களைக் கட்டிப்போட்டது விதி என்ற நம்பிக்கை என்பது கோராவின் வாதம். பஞ்சத்தின் காரணம் அது மட்டும் என்று இன்று சொல்ல முடியாது. விலையேற்றமும் போர்க்கால ஆட்சியின் முடிவுகளும் ஏழைகளின் வாங்கும் சக்தியை எப்படிப் பறித்தன என்று அமர்த்தியா சென் விளக்கியிருக்கிறார். ஆனாலும், நம்பிக்கை என்பது அநீதிக்குப் பணிந்துபோகும் பழக்கமாக மாறிவிடாதா என்ற கேள்வி ஆத்திகருக்கு வைக்க வேண்டிய சரியான கேள்வி. காந்தி அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தம் ஆத்திகம்தான் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தம்மால் சொல்ல முடியாது, இருவரும் உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர் ஒருவருக்கும் சேவாகிராமத்தில் தாமே திருமணம் நடத்திவைக்க ஒப்புக்கொண்டார். உறுதிமொழியில் கடவுளின் பெயரால் என்பதற்குப் பதில் உண்மையின் பெயரால் என்று மாற்றவும் இசைந்தார். அதற்குள் 1948 ஜனவரியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமணம் அந்த மார்ச்சில், அவர் இல்லாத சேவாகிராமத்தில், அவர் விரும்பிய இடத்திலேயே நடந்தது. இந்த உரையாடலைப் பற்றிக் கோரா எழுதிய நூலை 1951இல் வெளியிட்டது காந்தி நிறுவிய நவஜீவன் பதிப்பகம். முன்னுரை எழுதியவர் ஆத்திகரான கிஷோர்லால் மஷ்ருவாலா.

இங்கே யார் வென்றார்? காந்தி கடைசிவரை இராம பக்தர். கோரா கடைசிவரை நாத்திகர். ஆனால் இருவர் கையிலும் தேர்வின் அடையாளம் இருந்தது. பக்தர் ஒருவர் திருமண உறுதிமொழியின் சொல்லையே மாற்றச் சம்மதித்தார். நாத்திகர் ஒருவர் சத்தியாகிரகத்தைத் தம் கருவியாக எடுத்துக்கொண்டு, ஆட்சியில் இருப்போர் எளிமையாக வாழ வேண்டும் என்று கோரிச் சேவாகிராமத்திலிருந்து தில்லிவரை நடந்தார். அவர்களை இணைத்தது தீண்டாமை ஒழிப்பு என்னும் பொதுவேலை. உளவியலும் இதையே சொல்கிறது. 1954இல் கார்டன் ஆல்போர்ட், பகைமை குறையச் சந்திப்பு மட்டும் போதாது, சமநிலையும் பொதுக்குறிக்கோளும் கூட்டுழைப்பும் மேலிருப்போரின் ஆதரவும் வேண்டும் என்றார். 2006இல் பெட்டிக்ருவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பழகப் பழக வெறுப்பு குறைவது உறுதியானது. ஆல்போர்ட் சொன்ன சூழல் அமைந்த இடத்தில் மேலும் குறைந்தது. தமிழ்நாட்டில் கடவுள் மறுப்பாளரான பெரியாரும் சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் ஒருவரையொருவர் மதித்துப் பழக முடிந்ததற்கும், சாதி ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் இருந்த உறுதியே அடிப்படை.

இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. நட்பு பார்த்தால் உண்மை மழுங்கும், மூடநம்பிக்கையைச் சாடுகிறவர் இனிக்கப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். கோரா எந்த இடத்திலும் இனிக்கப் பேசவில்லை. வங்கத்தின் பிணங்களை ஒரு பக்தரின் முன் வைத்தார். கருத்தின்மேல் கடுமை காட்டலாம், ஆளை இகழக் கூடாது. இகழப்பட்டவர் காதைப் பொத்திக்கொள்வார். பிறகு நம் உண்மை யாருக்குப் பயன்படும்? அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. 2013இல் புனேயில் காலை நடைக்குப் போன மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அல்பேனியாவில் 1967இல் அரசே மதத்தைத் தடைசெய்து வழிபாட்டிடங்களை மூடியது. துப்பாக்கியும் அரசாணையும் பேசும் இடத்தில் நட்புரையாடல் எதற்கு என்று கேட்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அங்கே முதலில் வேண்டியது சட்டத்தின் காவல். உரையாடல் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் எதிர்க்கருத்துக்காரரையும் மனிதராகப் பார்க்கப் பழகிய ஊரில் கொலைகாரருக்குக் கைதட்டல் கிடைக்காது. அந்தப் பழக்கத்தைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. உங்களைப் போன்றவர்கள் பேசிப் பேசித்தான் உண்டாக்க முடியும்.

நம்பிக்கை என்ன ஆய்வேடா, தேர்வுக்கு வைப்பதற்கு என்று பக்தர்கள் கேட்பார்கள். அது அன்பு, ஆறுதல், பாட்டி ஏற்றிய விளக்கு என்பார்கள். சரிதான். அதனால்தான் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி கடவுள் உண்டா என்பதோடு முடிவதில்லை. உங்கள் கடவுள் உங்களை யார் வீட்டுக்குள் அனுப்புகிறார், யார் வீட்டு வாசலில் நிறுத்திவிடுகிறார் என்று நாத்திக நண்பர் கேட்கட்டும். அதேபோல் ஆத்திக நண்பரும் கேட்கட்டும்: மருத்துவமனைத் தாழ்வாரத்தில், பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தாயின் பக்கத்தில் போய் உங்கள் பகுத்தறிவு என்ன செய்யும்? வாதம் அங்கே உதவாது என்று இருவருக்கும் தெரியும். யார் தண்ணீர் வாங்கி வந்தார், யார் அந்த இரவு முழுதும் கூட இருந்தார் என்பதுதான் அங்கே மதிப்பெண்.

மாணவச் செல்வங்களே, இந்த அரங்கத்தை விட்டு வெளியே போனபின் உங்களுக்கு வினாத்தாள் எடுப்பவர் யாரும் இல்லை. தேர்வாளரை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். உங்கள் வகுப்பிலேயே, நம்பிக்கையில் உங்களுக்கு நேர் எதிரான ஒருவர் மூன்று ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் இருந்திருப்பார். ஊருக்குப் போவதற்கு முன் அவரோடு ஒரு தேநீர் குடியுங்கள். அவர் ஏன் நம்புகிறார், அல்லது ஏன் நம்பவில்லை என்று கேளுங்கள். கேட்டதை அவரிடமே உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். 'ஆமாம், நான் சொன்னது இதைத்தான்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் மறுப்பைத் தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்காதீர்கள்.